ஓடி ஒளிந்த ஆயர் எப்படிப் புனிதர் ஆனார்? கார்த்தேஜ் சிப்ரியான் பற்றி ஒரு விவாதம்

ஞானதீபம்:
செப்டம்பர் 16 அன்று ஒரு கத்தோலிக்க நண்பரோடு திருப்பலிக்குப் போயிருந்தேன். அன்று புனித கொர்னேலியுஸ், புனித சிப்ரியான் இருவருடைய நினைவு நாள். மறையுரையில் சிப்ரியானை "மந்தைக்காக உயிர் கொடுத்த நல்ல ஆயன்" என்றார்கள். வீட்டுக்கு வந்து அவர் வாழ்க்கையை உட்கார்ந்து படித்தேன். மனம் ஒப்பவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

249 கடைசியில் ரோமப் பேரரசர் டேசியஸ் ஓர் ஆணை போட்டார். பேரரசில் இருக்கிறவர்கள் தெய்வங்களுக்குப் பலியிட்டு, பலியிட்டதற்குச் சான்றும் வாங்க வேண்டும். 250 ஜனவரி 20-இல் ரோமாபுரி ஆயர் ஃபபியான் உயிரைக் கொடுத்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் இன்றைய துனிசியாவில் இருக்கிற கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியான் ஊரை விட்டு மறைந்துவிட்டார். சபையார் சிறையில் பசியிலும் தாகத்திலும் கிடந்தார்கள். மப்பாலிகுஸ் என்ற விசுவாசி விசாரணையின் சித்திரவதையிலேயே செத்தார். ஆயரோ மறைவிடத்திலிருந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 251 ஈஸ்டர் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார்.

ஓநாய் வருகிறதைக் கண்டு ஆடுகளை விட்டு ஓடிப்போகிறவனுக்கு ஆண்டவர் வைத்த பெயர் கூலியாள் (யோவான் 10:12). இவரை நல்ல மேய்ப்பன் என்பது எந்த நியாயத்தில்? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

நெய்தல்:
தம்பி, நான் முப்பது வருடம் மறைக்கல்வி எடுத்தவன். இதே கேள்வியைப் பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். அதே ஆண்டவர்தான் ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்றும் சொன்னார் (மத்தேயு 10:23). இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஊரில் என்ன நடந்தது என்று பாருங்கள். "சிப்ரியானைச் சிங்கத்துக்குப் போடு" என்று கூட்டம் திரும்பத் திரும்பக் கத்தியது. அவர் சொத்தைப் பறிமுதல் செய்து பகிரங்க அறிவிப்பு வந்தது. அவர் ஊரில் இருந்தால் அவரைத் தேடி வருகிற கலவரக் கும்பல் பக்கத்தில் இருக்கிற ஏழைகள் மேல்தான் முதலில் விழும். தன் குருக்களுக்கு எழுதிய கடிதத்திலேயே இதைக் காரணமாகச் சொல்கிறார்.

"கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்" என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். அதில் என்ன எழுதினார்? விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் கொடுக்கத் தன் சொந்தப் பணத்தை ரொகாசியானுஸ் என்ற குருவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். அது போதாமல் போகும் என்று பயந்து ஓர் உதவியாளர் கையில் இன்னும் கொஞ்சம் கொடுத்தனுப்பினார். சிறையில் இருக்கிறவர்களைப் பார்க்கக் கூட்டமாகப் போகாதீர்கள், காவலர்களுக்குச் சந்தேகம் வந்தால் வழியே அடைபட்டுவிடும், ஒரு குருவும் ஒரு திருத்தொண்டரும் மட்டும் முறைவைத்துப் போங்கள் என்றார். சிறையில் யார் இறந்தாலும் அந்த நாளைக் குறித்துவையுங்கள், நாம் நினைவு கொண்டாட வேண்டும் என்றார். கூலியாள் எவனாவது இறந்தவர்களின் நாளைக் குறித்து வைக்கச் சொல்வானா?

ஞானதீபம்:
நன்றி ஐயா. ஆனால் நீங்கள் காட்டிய வசனம் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் பண்ண அனுப்பப்பட்ட சீஷர்களுக்குச் சொன்னது. ஒரு ஊரில் நிலையாக மந்தையை ஏற்றுக்கொண்டவருக்கு அது எப்படிப் பொருந்தும்?

இது என் கேள்வி மட்டும் அல்ல. அந்தக் காலத்திலேயே கேட்டார்கள். ரோமாபுரி குருக்கள் கார்த்தேஜ் குருக்களுக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் ஆயர் முக்கியமான ஆள் என்பதால் விலகிப்போனது சரிதான் என்று ஒரு வரி எழுதிவிட்டு, கூடவே கூலியாள் வசனத்தையும் எடுத்துப் போட்டார்கள். தங்கள் ஆயரை அப்போதுதான் சாகக் கொடுத்தவர்கள் அவர்கள். அதே கார்த்தேஜில் முன்பு வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் உபத்திரவத்தில் ஓடுவதே தப்பு என்று தனி நூல் எழுதியவர். சிப்ரியான் தினமும் அவர் எழுத்தைப் படிப்பாராம், "ஆசானைக் கொண்டு வா" என்று கேட்டு அவர் நூலை வாங்குவாராம். படித்தது எதற்கு?

இன்னொன்று. இவர் ஞானஸ்நானம் பெற்றதே 246 வாக்கில். 248 கடைசியிலோ 249 தொடக்கத்திலோ ஆயர். வசதியான வீட்டுப் பிள்ளை, பேர்பெற்ற பேச்சாளர். ஐந்து குருக்கள் அப்போதே எதிர்த்தார்கள். சோதனை வந்ததும் அவர்கள் பயந்தது சரியாகப் போயிற்று என்றுதான் எனக்குப் படுகிறது.

ஏடு:
நான் சபைக்காரன் இல்லை. வரலாறு படிக்கிறவன். இரண்டு மூன்று விஷயங்கள்.

தெர்த்துல்லியன் அந்த நூலை எழுதும்போது கடும் ஒழுக்கம் கேட்ட கிறிஸ்தவப் பிரிவான மொந்தானு இயக்கத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார். அதற்கு முன்னால் அவரே ஓடுவதை ஏற்றுக்கொண்டுதான் எழுதியிருந்தார். சிப்ரியான் அவரை மதித்தார் என்பதால் அவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்று இல்லை.

ஒளிந்தவர் இவர் மட்டும் அல்ல. ஸ்மிர்னா ஆயர் பொலிகார்ப் ஒரு பண்ணை வீட்டுக்கும், அங்கிருந்து இன்னொரு பண்ணைக்கும் போனார். அகப்பட்ட பிறகுதான் நெருப்பு. டேசியஸ் காலத்திலேயே அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியுஸ் தப்பினார். படைவீரன் ஊரெல்லாம் தேடினான், வீட்டிலேயே இருப்பார் என்று தோன்றாமல் வீட்டை மட்டும் விட்டுவிட்டான். நாலு நாள் வீட்டில் இருந்துவிட்டுக் கிளம்பினார், பிடிபட்டார். செய்தி கேள்விப்பட்டுக் கல்யாண விருந்தில் இருந்த கிராமத்தார் பாய்ந்து வந்து காவலர்களை விரட்டி, வரமாட்டேன் என்றவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக் கழுதை மேல் உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். அவரே எழுதிவைத்திருக்கிறார். அவரையும் புனிதர் என்றுதான் கொண்டாடுகிறார்கள்.

ரோமாபுரிக் கடிதத்துக்குச் சிப்ரியான் கொடுத்த பதிலையும் பாருங்கள். கடிதத்தில் எழுதியவர் பெயரும் இல்லை, யாருக்கு என்றும் இல்லை. எழுத்தும் விஷயமும் ஏன் காகிதமும்கூட எனக்குச் சந்தேகம் தருகிறது, இது நீங்கள் அனுப்பியதுதானா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று அசல் கடிதத்தையே திருப்பி அனுப்பிவிட்டார். அப்புறம் தான் அதுவரை எழுதிய 13 கடிதங்களின் படிகளையும் ரோமாபுரிக்கு அனுப்பி, நான் சும்மா இருக்கவில்லை என்று கணக்குக் காட்டினார். குற்றச்சாட்டு அவரைச் சுட்டது என்பது அதிலேயே தெரிகிறது.

லீமா:
நீங்கள் மூன்று பேரும் ஓடினாரா, ஓடலாமா என்றே பேசுகிறீர்கள். நானும் கத்தோலிக்கக்காரிதான். திருப்பலியில் குரு சொல்லும் முதல் நற்கருணை மன்றாட்டில் சிப்ரியான் பெயர் வரும்போது மற்றவர்களைப் போலத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு உறுத்துவது ஓட்டம் இல்லை, திரும்பி வந்து செய்த தீர்ப்பு.

ஓடுவதற்கு வசதி வேண்டும். இவருக்கு நண்பர்கள் இருந்தார்கள், பணம் இருந்தது, ஒளிய இடம் இருந்தது. கைக்குழந்தையோடு இருந்த கூலிக்காரி எங்கே ஓடுவாள்? அவள் போய் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டிருப்பாள். கொஞ்சம் காசு உள்ளவன் அதிகாரியின் கையில் எதையாவது அழுத்திப் பலியிடாமலே சான்றுச் சீட்டு வாங்கியிருப்பான். ஓராண்டு கழித்து ஆயர் வந்து இப்படி விசுவாசத்தில் தவறியவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதுகிறார், அவர்களைத் தவத்தில் நிறுத்துகிறார். அந்த நூலின் தொடக்கத்திலேயே விசுவாசத்தை அறிக்கையிட்டுச் சிறைப்பட்டது முதல் வெற்றி, எச்சரிக்கையாக விலகித் தன்னை ஆண்டவருக்காகக் காத்துக்கொண்டது இரண்டாவது படி என்கிறார். அதாவது தன் செயலுக்குத் தானே இரண்டாம் பரிசு கொடுத்துக்கொள்கிறார். மூன்றாவது இடத்தில் நிற்கிறவள் என்ன நினைத்திருப்பாள்?

ஏடு:
லீமா கேட்பது சரியான கேள்வி. அந்தச் சீட்டுகள் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் இன்னும் உறைக்கும். எகிப்து மணலில் நாற்பதுக்கும் மேற்பட்டவை பப்பிரசுத் தாளில் அப்படியே கிடைத்திருக்கின்றன. முதலில் வெளியானது 1893-இல். அலெக்சாந்தர் தீவு என்ற கிராமத்தைச் சேர்ந்த அவுரேலியுஸ் தியோகெனேஸ், வயது 72, வலது புருவத்தில் தழும்பு. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தேன், இப்போதும் ஆணைப்படி உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், பானப் படையல் ஊற்றினேன், படையலைச் சுவைத்தேன், சான்றளிக்க வேண்டுகிறேன் என்று மனு. தேதி 250 ஜூன் 26. நம் ஊர்ச் சான்றிதழ்களில் அங்க அடையாளம் எழுதுவதைப் போலத்தான். புருவத் தழும்பு வரை குறித்துவைக்கிற அரசிடமிருந்து தப்புவது சாதாரண மக்களுக்கு எளிதாக இருந்திருக்காது.

நெய்தல்:
லீமா, உங்கள் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த "இரண்டாவது படி" உறுத்தும். ஆனால் அவர் யாரோடு மல்லுக்கட்டினார் என்று பார்த்தால் படம் மாறும்.

கார்த்தேஜில் நடந்தது பயந்து பணிந்தது மட்டும் அல்ல. பிடிக்க ஆள் வருவதற்கு முன்னாலேயே கோவில் மேட்டுக்கு ஓடினார்கள். பொழுது சாய்கிறது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்ல, இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் நூலில் கடுமையாகச் சொல்வது பெரும்பாலும் சொத்தை விட மனமில்லாத பணக்காரர்களைத்தான்.

அடுத்தது, விசுவாசத்தை விடாமல் சிறையில் இருந்த சாட்சிகள் சிலர் தவறியவர்களுக்கு மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். "இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் திருவிருந்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி. "சேர்ந்தவர்கள்" என்று சொல்லி இருபது முப்பது பேர் வந்து நிற்பார்களே என்று சிப்ரியான் கேட்டார். அரசின் சீட்டு வாங்கி விசுவாசத்தை விட்டதைச் சாட்சிகளின் சீட்டு வாங்கியே சரிசெய்துவிடலாமா என்பதுதான் அவர் கவலை. அப்போதும் கதவைச் சாத்தவில்லை. வெயில் காலம் தொடங்கி நோய் பரவியபோது மறைவிடத்திலிருந்தே எழுதினார்: சாட்சிகளின் சீட்டு வைத்திருக்கிறவர்களில் சாகக் கிடப்பவர் இருந்தால் என் வரவுக்குக் காத்திருக்க வேண்டாம், குரு கிடைக்காவிட்டால் திருத்தொண்டரிடமாவது பாவ அறிக்கை செய்து சமாதானம் பெறட்டும்.

251-இல் ஆயர்கள் கூடிய சங்கத்தில், பலியிடாமல் சான்றுச் சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்தார்கள். பலியிட்டவர்கள் தவம் செய்து மரண வேளையில் சமாதானம் பெறலாம் என்றார்கள். பின்னால் அடுத்த துன்புறுத்தல் வரப்போகிறது என்ற அச்சம் எழுந்ததும் தவத்தில் இருந்த எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆயுதம் இல்லாமல் யாரையும் போருக்கு அனுப்பக்கூடாது என்றார் சிப்ரியான். ரோமாபுரியில் நோவாசியான் என்ற குரு தவறியவர்களை ஒருபோதும் சேர்க்கக்கூடாது என்று பிரிந்தே போனார். அவர் பக்கம் சிப்ரியான் சாயவில்லை, ரோமாபுரி ஆயர் கொர்னேலியுஸ் பக்கம் நின்றார். செப்டம்பர் 16-இல் அந்த இரண்டு பெயரும் சேர்ந்தே வருகின்றன.

உங்கள் கூலிக்காரியைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார் என்றால் நம்புவீர்களா? அந்தோனியானுஸ் என்ற ஆயருக்கு எழுதிய நீண்ட கடிதம். தானே ஓடிப்போய்ப் பலியிட்டவனும், நெடுநேரம் போராடிக் கடைசியில் பணிந்தவனும் ஒன்றா என்று கேட்கிறார். தன்னோடு எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனவன் ஒருவன், மனைவி பிள்ளை வீட்டார் எல்லோருக்காகவும் தான் ஒருவனே போய் ஆபத்தை ஏற்றுத் தப்பி வந்த சகோதரர்களுக்கு வீட்டில் இடமும் கொடுத்தவன் ஒருவன், இருவரையும் ஒரே தராசில் வைக்கலாமா என்கிறார்.

லீமா:
அந்தக் கடிதம் எனக்குப் புதிது, ஐயா. இன்று மதியம் தேடிப் படித்தேன். நீங்கள் சொன்னது இருக்கிறது. ஆனால் அது நூலுக்குப் பிறகு எழுதியது. மக்கள் நேரில் வந்து நின்று தங்கள் கதையைச் சொன்ன பிறகு எழுதியது. மறைவிடத்திலிருந்து பார்த்தபோது "தவறியவர்கள்" என்று ஒரே கூட்டமாகத் தெரிந்தவர்கள், ஊருக்கு வந்து முகம் பார்த்தபோது தனித்தனி மனிதர்கள் ஆனார்கள். அவர் மாறினார் என்றால் நான் ஒத்துக்கொள்வேன். முதலிலிருந்தே சரியாக இருந்தார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நெய்தல்:
மாறினார். "இந்தக் காலத்தின் தேவைக்கு இணங்கினேன்" என்ற கருத்தில் அதே கடிதத்தில் அவரே சொல்கிறார். மறைக்கல்வி வகுப்பில் நான் இதைச் சொன்னதில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

ஏடு:
அதற்கடுத்த இரண்டு விஷயம், சுருக்கமாக. 252 வாக்கில் கொள்ளைநோய் வந்தது. பிணங்கள் தெருவில் கிடந்தன, சொந்தக்காரர்களே விட்டு ஓடினார்கள். இந்த முறை சிப்ரியான் ஓடவில்லை. மக்களைக் கூட்டி, நம்மவர்களை மட்டும் பார்த்துக்கொள்வதில் என்ன பெருமை என்று கேட்டு, பணம் உள்ளவர் பணமும் இல்லாதவர் உழைப்பும் கொடுக்க வேலையைப் பிரித்தார். பக்கத்து நுமிதியாவில் கொள்ளையர் கிறிஸ்தவர்களைப் பிடித்துப் போனபோது 1,00,000 செஸ்தர்ஸ் (ரோம நாணயம்) திரட்டி மீட்க அனுப்பினார்.

ஞானதீபம்:
கொள்ளைநோய் விஷயம் என்னை யோசிக்க வைத்தது. மனமார ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 258-க்கு வாருங்கள். உத்திக்கா நகரத்துக்கு அழைத்துப்போக வீரர்கள் வந்தபோதும் மறுபடி ஒளிந்தாரே, அது ஏன்? எட்டு வருடம் கழித்தும் அதே பழக்கமா?

நெய்தல்:
தம்பி, நீங்கள் இதைக் கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். அவர் வாழ்க்கையின் சாவி அங்கேதான் இருக்கிறது.

257 ஆகஸ்ட் 30. பேரரசர் வலேரியன் காலம். ஆளுநர் பத்தேர்னுஸ் விசாரிக்கிறார். நான் கிறிஸ்தவன், ஆயர் என்று நேராகச் சொல்கிறார் சிப்ரியான். உன் குருக்கள் யார் யார், பெயரைச் சொல் என்கிறார் ஆளுநர். காட்டிக்கொடுப்பவர்களை உங்கள் சட்டமே தடுத்திருக்கிறது, அது நல்ல சட்டம், நான் சொல்ல மாட்டேன் என்கிறார். தானாகப் போய்த் தன்னை ஒப்படைப்பதை எங்கள் ஒழுங்கு தடைசெய்கிறது, தேடினால் அவரவர் ஊரில் கிடைப்பார்கள் என்றும் சொல்கிறார். 250-இல் ஓடியதற்கும் இதுதான் விதி. தேடிப் போய்ச் சாகாதே, பிடிபட்டால் மறுக்காதே. குரூபிஸ் என்ற கடற்கரை ஊருக்கு நாடுகடத்தினார்கள். இன்று அதன் பெயர் கோர்பா. ஒரு வருடம் அங்கே இருந்தார்.

அடுத்த வருடம் ஆகஸ்ட் 6-இல் ரோமாபுரியில் திருத்தந்தை இரண்டாம் சிக்ஸ்துஸ் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி வந்ததும் சிப்ரியானுக்கு முடிவு தெரிந்துவிட்டது. அப்போது கார்த்தேஜில் தன் தோட்டத்தில் இருந்தார். மனம் மாறிய புதிதில் விற்று, பிறகு கைக்கு வந்த தோட்டம் அது. செல்வாக்குள்ள நண்பர்கள் வந்து தப்பிக்க இடம் தருகிறோம் என்றார்கள். போகவில்லை. ஆனால் புதிய ஆளுநர் உத்திக்காவில் இருந்துகொண்டு ஆள் அனுப்பியபோது மறைந்தார். ஏன் என்று கடிதம் எழுதி வைத்தார், அவருடைய கடைசிக் கடிதம் அது: ஆயர் எந்த ஊர்ச் சபைக்குத் தலைமை தாங்குகிறாரோ அந்த ஊரில், தன் மக்கள் நடுவில் ஆண்டவரை அறிக்கையிட வேண்டும். வெளியூரில் செத்தால் அது அவர்களிடமிருந்து பறித்தது போல் ஆகும். ஆளுநர் கார்த்தேஜுக்குத் திரும்பினார், இவரும் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார்.

செப்டம்பர் 13-இல் இரண்டு அதிகாரிகள் வந்து தேரில் ஏற்றி நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். ஆளுநருக்கு உடம்பு சரியில்லாததால் விசாரணை மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. இரவு ஓர் அதிகாரியின் வீட்டில் காவல். செய்தி கேட்டுச் சபை முழுவதும் அந்த வீட்டு வாசலில் வந்து கிடந்தது. உள்ளே இருந்தவருக்கு அந்த நேரத்தில் வந்த யோசனை என்ன தெரியுமா? கூட்டத்தில் இளம் பெண்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பினார்.

மறுநாள் ஆளுநர் சடங்கு செய்யச் சொன்னார். "செய்ய மாட்டேன்." யோசித்துப் பார் என்றார். "உனக்குச் சொன்னதைச் செய். இவ்வளவு நியாயமான விஷயத்தில் யோசிக்க ஒன்றும் இல்லை." வாளால் வெட்டத் தீர்ப்பு. "இறைவனுக்கு நன்றி" என்றார். வெட்டுகிறவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னார். மக்கள் அவர் முன்னால் துணிகளை விரித்தார்கள். பார்க்க முடியாதவர்கள் மரத்தில் ஏறினார்கள். இரவு மெழுகுவர்த்தியும் தீவட்டியும் பிடித்துக்கொண்டு போய் அடக்கம் செய்தார்கள். ஒளிந்து ஒளிந்து செய்யவில்லை, ஊர் பார்க்கச் செய்தார்கள்.

லீமா:
அந்த விசாரணை நாளில் இன்னொன்று நடந்தது. அவருடைய திருத்தொண்டர் பொன்சியுஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. நீண்ட தூரம் நடந்து வந்ததில் சிப்ரியான் வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார். காவலில் இருந்த வீரன் ஒருவன், முன்பு கிறிஸ்தவனாக இருந்தவன், பக்கத்தில் வந்து, ஈர உடையைக் கழற்றிவிட்டு என் உலர்ந்த துணியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றான். சாகப்போகிறவரின் வேர்வை பட்ட துணியைத் தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை. இன்றைக்கே தீர்ந்துவிடப்போகிற குறைக்கு மருந்து எதற்கு என்று சிப்ரியான் மறுத்துவிட்டார்.

"முன்பு கிறிஸ்தவனாக இருந்தவன்." அந்த வரியை இன்று நாலு தடவை படித்துவிட்டேன். நான் கேட்டுக்கொண்டிருந்த ஆள் அவன்தான். அந்தத் துணியை அவனிடம் கொடுத்திருக்கலாம்.

ஞானதீபம்:
நெய்தல் ஐயா, முதல் பதிவில் எழுதிய "கூலியாள்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். வாசலில் இருக்கிற பெண்பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்டவரை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 250-இல் அவர் ஊரில் இருந்திருக்க வேண்டும் என்பதில் இன்னும் மாற்றம் இல்லை. அவர் இருந்திருந்தால் மப்பாலிகுஸோடு சிறையில் இருந்த சிலராவது அந்தப் பொத்தாம்பொது சீட்டுகளை எழுதியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நெய்தல்:
அவர் இருந்திருந்தால் அந்த ஜனவரியிலேயே செத்திருப்பார் தம்பி. கொள்ளைநோயில் பிணங்களை எடுக்க ஆள் பிரித்துக் கொடுக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பொன்சியுஸும் இதைத்தான் கேட்கிறார்.

லீமா:
அது பின்னால் நடந்ததை வைத்துச் சொல்வது, ஐயா. ஓடின அன்றைக்கு அவருக்கே அது தெரியாது. இருந்தாலும் அந்தோனியானுஸ் கடிதத்துக்காக உங்களுக்கு நன்றி. எங்கள் அன்பியக் கூட்டத்தில் அந்தப் பகுதியைத் தமிழில் வாசிக்கப் போகிறேன். யாரிடமாவது நல்ல மொழிபெயர்ப்பு இருந்தால் இங்கே போடுங்கள்.